அழிக்கப்பட்ட தவறான விடைகள்: அட்லாண்டா தேர்வு முறைகேடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வில் முறைகேடு என்றதும், பிட் வைத்து எழுதும் மாணவரோ பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும் மாணவரோதான் நம் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவின் அரசுப் பள்ளிகளில் நடந்ததோ வேறு. அங்கே மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை மட்டும் நேர்மையாக எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அதன்பின் அவர்களுடைய ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அந்த விடைத்தாள்களைத் திருத்தினார்கள். இதைப் பற்றிப் பேசும்போது எழும் கேள்விகளுக்கு, பொதுவெளியில் பதிவாகியுள்ள உண்மைகளைக் கொண்டு இங்கே பதில் தர முயன்றிருக்கிறேன்.

உண்மையில் என்ன நடந்தது?

2009ஆம் ஆண்டில் நடந்த மாநிலத் தேர்வில் அட்லாண்டா பள்ளிகளின் விடைத்தாள்கள் திட்டமிட்டு மாற்றப்பட்டிருந்தன என்பதை, மாநில ஆளுநர் நியமித்த சிறப்பு விசாரணைக் குழு 2011 ஜூலையில் வெளியான அறிக்கையில் உறுதிசெய்தது. ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44 பள்ளிகளில் முறைகேடு நடந்திருந்தது. 38 தலைமையாசிரியர்கள் உட்பட 178 கல்வியாளர்களுக்கு இதில் பொறுப்பு இருப்பதாகக் குழு கூறியது. அவர்களில் 82 பேர் தங்கள் தவறைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். இது ஓர் ஆண்டில் தொடங்கி அதே ஆண்டில் முடிந்துபோன செயலும் இல்லை; பல ஆண்டுகளாகவே நடந்துவந்தது என்று அந்த அறிக்கை சொல்கிறது.

அது எந்தத் தேர்வு? அதற்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

சுருக்கமாக சிஆர்சிடி என்று அழைக்கப்பட்ட அந்தத் தேர்வு, தொடக்கப் பள்ளி மற்றும் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஜார்ஜியா மாநிலம் நடத்திய பொதுத் தேர்வாகும். கேள்விக்குக் கீழே தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓஎம்ஆர் தாளில் உரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும்.

2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது’ என்ற பொருள்படும் கூட்டரசுச் சட்டம்தான் இத்தகைய தேர்வுகளின் எடையைப் பல மடங்காக்கியது. 2014க்குள் ஒவ்வொரு மாணவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி நிலையை எட்டியிருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அந்த இலக்கை நோக்கி ஆண்டுதோறும் போதிய முன்னேற்றம் காட்டாத பள்ளிகளுக்குப் படிப்படியாகத் தண்டனைகள் காத்திருந்தன. முதலில் மாணவர்கள் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ள அனுமதி தர வேண்டும். நிலைமை தொடர்ந்தால் பள்ளியின் நிர்வாகமும் ஆசிரியர்களும் மாற்றப்படலாம். நூற்றுக்கு நூறு என்ற இலக்கை எந்த நாட்டிலும் எந்தப் பள்ளி அமைப்பும் எட்டியதில்லை என்பதை வகுப்பறையில் ஒரு நாளாவது நின்றவர்கள் அறிவார்கள்.

நகரின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான அட்லாண்டா பள்ளி மாவட்டம் இதற்கு மேலே ஒரு படி போனது. சட்டம் கேட்டதைவிடக் கூடுதலான இலக்குகளை ஒவ்வொரு பள்ளிக்கும் தானாகவே விதித்தது. 1999 முதல் 2011 வரை மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியாக இருந்த பெவர்லி ஹால், இலக்கை எட்டிய பள்ளிகளுக்கு ஊக்கத்தொகை தந்தார். எட்டாத பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் பதவியிழக்க நேரும் என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்.

விடைகளை எப்படி மாற்றினார்கள்?

பள்ளிக்குப் பள்ளி முறை வேறுபட்டது. சில ஆசிரியர்கள் தேர்வு அறையிலேயே சரியான விடையை நோக்கிக் குரலாலும் சைகையாலும் மாணவர்களை நகர்த்தினார்கள். பெரும்பாலும் நடந்தது தேர்வுக்குப் பிந்தைய அழிப்பு வேலை. விடைத்தாள்கள் மாநிலத்துக்கு அனுப்பப்படும்வரை சில நாள்கள் பள்ளியின் பொறுப்பிலேயே இருந்தன. அந்த இடைவெளிதான் பயன்படுத்தப்பட்டது.

வெனிஷியன் ஹில்ஸ் தொடக்கப் பள்ளியில், தேர்வு வாரத்தின் ஒவ்வொரு பிற்பகலிலும் ஏழு ஆசிரியர்கள் ஜன்னல் இல்லாத அறையொன்றில் கதவைப் பூட்டிக்கொண்டு, தவறான விடைகளை ரப்பரால் அழித்துச் சரியான வட்டங்களை நிரப்பினார்கள். அவர்களுக்குள் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்றே ஒரு பெயர் இருந்தது. கிடியன்ஸ் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு வார இறுதியில் விடைத்தாள்களை ஒருவர் வீட்டுக்கே எடுத்துச்சென்று, கூடி உட்கார்ந்து மாற்றினார்கள். பார்க்ஸ் நடுநிலைப் பள்ளியில், தேர்வுத் தாள்களுக்குப் பொறுப்பான ஊழியர் நேர்மையானவர் என்பதால், அவரை மதிய உணவுக்கு வெளியே அழைத்துச்சென்று அந்த நேரத்தில் மற்றவர்கள் அவருடைய அறைக்குள் நுழைந்து வேலையை முடித்தார்கள். அதே பள்ளியில் 2005இல் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 24 விழுக்காட்டினரே கணிதத்தில் தேர்ச்சி நிலையில் இருந்தனர். 2006இல் அது 86 விழுக்காடானது. அந்த ‘அற்புதத்தை’ ஊரே கொண்டாடியது.

இது எப்படி வெளிச்சத்துக்கு வந்தது?

முதலில் சந்தேகம் எழுப்பியது உள்ளூர் நாளிதழ். ‘அட்லாண்டா ஜர்னல் கான்ஸ்டிடியூஷன்’ இதழின் செய்தியாளர்கள், சில பள்ளிகளின் மதிப்பெண்கள் புள்ளியியல் கணக்குக்குப் பொருந்தாத வேகத்தில் உயர்ந்திருப்பதை 2008ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தொடர்ந்து எழுதினார்கள். ஒரு வகுப்பு ஓர் ஆண்டில் மாநிலத்தின் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு ஏறுவதும், அடுத்த ஆண்டு அதே வேகத்தில் சரிவதும் கற்பித்தலால் மட்டும் நிகழக்கூடியதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

அடுத்து, மாணவர் அடைவுக்கான மாநில ஆளுநர் அலுவலகம் 2009 தேர்வின் விடைத்தாள்கள் முழுவதையும் அழிப்புத்தடச் சோதனைக்கு உட்படுத்தியது. ஓஎம்ஆர் தாளைப் படிக்கும் ஸ்கேனர், கறுப்பாக நிரப்பிய வட்டத்தோடு ரப்பரால் அழித்த வட்டத்தில் எஞ்சியிருக்கும் மங்கிய சாம்பல் கறையையும் பதிவுசெய்யும். எனவே ஒரு கேள்விக்கு முதலில் எந்த விடை நிரப்பப்பட்டது, பின்னர் எதற்கு மாற்றப்பட்டது என்பதைக் கணக்கிட முடியும். தவறிலிருந்து சரிக்கு மாறிய விடைகளை மட்டும் தனியே எண்ணி, ஒவ்வொரு வகுப்பின் சராசரியையும் மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2010 பிப்ரவரியில் வெளியாயின.

மாணவர்களே யோசித்து விடையை மாற்றியிருக்கக் கூடாதா?

மாணவர்கள் விடையை அழித்து மாற்றுவது இயல்பு. அது எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் நடக்கும். அதனாலேயே அந்த இயல்பான அளவு எவ்வளவு என்பது மாநிலம் முழுவதிலும் உள்ள தாள்களிலிருந்து தெரிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் நாம் படித்த திட்டவிலக்கம்தான், அதாவது மதிப்புகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு சிதறியிருக்கும் என்பதன் அளவுதான், இங்கே அளவுகோல். மாநிலச் சராசரியிலிருந்து 3 திட்டவிலக்கங்களுக்கு மேல் விலகிய வகுப்புகளை மட்டுமே சந்தேகத்துக்குரியவையாகக் குறித்தார்கள். தற்செயலாக அவ்வளவு தூரம் விலகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஓரிரண்டுதான். அட்லாண்டாவின் சில வகுப்புகளோ 20 திட்டவிலக்கங்களையும் தாண்டியிருந்தன. அதற்குத் தற்செயல் என்று பெயரிட எந்தக் கணக்கிலும் இடமில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. 2010ஆம் ஆண்டுத் தேர்வின்போது மாநில அரசு தன் கண்காணிப்பாளர்களை அட்லாண்டா பள்ளிகளில் நிறுத்தியது. சந்தேகத்துக்குள்ளான பல பள்ளிகளில் அந்த ஆண்டே மதிப்பெண்கள் சரிந்தன. ஆனால் ஸ்கேனரின் சான்று ஒரு வகுப்பைத்தான் சுட்டும். யார் கையில் ரப்பர் இருந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு மனிதர்கள் பேச வேண்டியிருந்தது.

மாவட்ட நிர்வாகம் தானாக விசாரிக்கவில்லையா?

விசாரித்தது. மாவட்டக் கல்வி வாரியமும் நகரின் வணிகப் பிரமுகர்களும் சேர்ந்து அமைத்த குழு, 2010 ஆகஸ்டில் சிக்கல் பெரும்பாலும் 12 பள்ளிகளுக்குள் அடங்கியது என்று அறிக்கை தந்தது. ஆளுநர் சானி பெர்டியூ அதை ஏற்க மறுத்து, மாநிலத்தின் முன்னாள் தலைமை வழக்கறிஞர் மைக் பவர்ஸ், முன்னாள் மாவட்ட அரசு வழக்கறிஞர் ராபர்ட் வில்சன் ஆகியோரைச் சிறப்பு விசாரணையாளர்களாக நியமித்தார். அவர்களோடு ரிச்சர்ட் ஹைட் என்ற அனுபவமிக்க புலனாய்வாளரும் சேர்ந்தார். மாவட்டத்தின் குழு 12 என்று சொன்ன இடத்தில் இவர்கள் 44 என்று கண்டார்கள். தன் புகழைப் பாதிக்கக்கூடிய விசாரணையை ஒரு நிறுவனம் தானே நடத்திக்கொள்ளக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஹைட் பள்ளிகளுக்கே நேரில் போய் ஆசிரியர்களிடம் பேசினார். வெனிஷியன் ஹில்ஸ் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் மனச்சுமை தாங்காமல் உண்மையைச் சொன்னதோடு, ஒலிப்பதிவுக் கருவியை உடையில் மறைத்து அணிந்து சக ஊழியர்களின் பேச்சைப் பதிவுசெய்யவும் முன்வந்தார். அதன்பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். மொத்தம் 2,100க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் நடந்தன.

ஆசிரியர்கள் ஏன் இதற்கு உடன்பட்டார்கள்? பணத்துக்காகவா?

ஊக்கத்தொகை ஒரு காரணம்தான். ஆனால் ஆசிரியருக்குக் கிடைத்தது சிறு தொகையே. விசாரணை அறிக்கை திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் அச்சம். ஆண்டுதோறும் மாவட்டத்தின் ஊழியர் அனைவரும் கூடும் பெருங்கூட்டத்தில், இலக்கை எட்டிய பள்ளியின் ஆசிரியர்கள் மேடைக்கு அருகில் அமர்த்தப்பட்டார்கள். எட்டாதவர்களுக்கு ஓரத்தில்தான் இடம். ஒரு பள்ளியில், தன் மாணவர்களின் மதிப்பெண் குறைந்ததற்காக ஓர் ஆசிரியையை, சக ஆசிரியர்கள் பார்த்திருக்க, மேசைக்கு அடியில் தவழ்ந்து போகும்படி தலைமையாசிரியர் செய்தார். படித்துப் பட்டம் பெற்ற ஒருவரை இப்படி அவமதிக்கும் இடத்தில், அவர் தன் மாணவரிடம் எந்த முகத்தோடு நிற்பார் என்பதை நினைத்தாலே மனம் கனக்கிறது. முறைகேட்டைப் பற்றிப் புகார் சொன்னவர்களில் சிலர் இடமாற்றத்துக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளானார்கள். சொன்னால் நமக்குத்தான் கேடு என்பதை மற்றவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

இதைவிட ஆழமான இன்னொரு பொறியும் இருந்தது. இவ்வாண்டின் இலக்கு சென்ற ஆண்டின் மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடப்பட்டது. சென்ற ஆண்டு மதிப்பெண் பொய்யாக உயர்த்தப்பட்டிருந்தால், இவ்வாண்டு அந்தப் பொய்க்கும் மேலே ஏற வேண்டும். நான்காம் வகுப்பில் பொய் மதிப்பெண் பெற்ற மாணவர், கூட்டல் கணக்கே தடுமாறும் நிலையில், கணக்கில் வல்லவர் என்ற பதிவோடு ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் வந்து சேர்வார். அந்த ஆசிரியர் ஓராண்டு முழுவதும் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தி, அந்த மாணவரை உண்மையாகவே முன்னேற்றினாலும், தாளில் அது சரிவாகத்தான் தெரியும். முந்தைய ஆசிரியரின் பொய்யைக் காப்பாற்றினால் மட்டுமே தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்ற நிலைக்கு ஒருவர்பின் ஒருவராகத் தள்ளப்பட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இதை நியாயமாக என்னால் ஏற்க முடியவில்லை. இதே மாவட்டத்தில், இதே இலக்குகளின் கீழ், ஆராயப்பட்ட பள்ளிகளிலேயே 12 பள்ளிகளில் முறைகேடு கண்டறியப்படவில்லை. முறைகேடு நடந்த பள்ளிகளிலும் மறுத்து நின்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் வீட்டுக் கடனும் குடும்பமும் இருந்தன.

பெவர்லி ஹாலுக்கு இது தெரியுமா?

தெரியாது என்றே அவர் கடைசிவரை சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றது விசாரணைக் குழு. உயர்ந்துகொண்டே போன மதிப்பெண்களுக்காக 2009இல் அமெரிக்காவின் சிறந்த மாவட்டக் கல்வி நிர்வாகியாக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவிக்காலத்தில் 5 லட்சம் டாலருக்கும் மேல் ஊக்கத்தொகை பெற்றார். 2013 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்ட 35 பேரில் அவரும் ஒருவர். புற்றுநோயால் உடல்நலம் குன்றியிருந்த அவர், நீதிமன்ற விசாரணையை எதிர்கொள்ளாமலேயே 2015 மார்ச்சில் காலமானார்.

அவருடைய காலத்தில் எல்லாமே பொய் என்று சொல்வதும் நேர்மையாகாது. பள்ளிகள் கைவைக்க முடியாத தேசிய மதிப்பீட்டுத் தேர்விலும் அட்லாண்டா மாணவர்கள் அந்த ஆண்டுகளில் ஓரளவு முன்னேறியிருந்தார்கள். உண்மையான அந்த முன்னேற்றமே போதாது என்று ஆனதுதான் துயரம்.

மாணவர்கள் தேர்ச்சி பெற்றார்கள்; பள்ளிக்கும் நல்ல பெயர். இதில் யாருக்கு என்ன இழப்பு?

என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமானது இதுதான். எட்டு வயதுக் குழந்தை, “எனக்கு வாசிக்க வரவில்லை, உதவி செய்யுங்கள்” என்று மாநில அரசுக்கு மனு எழுதாது. அதன் சார்பில் அந்த மனுவைக் கொண்டுசேர்ப்பது அது தவறாக நிரப்பிய வட்டங்கள்தான். குறைந்த மதிப்பெண் பெற்றால்தான் கூடுதல் வகுப்பு, வாசிப்புப் பயிற்சி, கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை ஆகியவற்றுக்கு வழி பிறக்கும். ஜார்ஜியாவில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மேல்வகுப்புக்குச் செல்வதையே இந்தத் தேர்வோடு இணைத்திருந்தார்கள். ஆகவே ஆசிரியர் ரப்பரை எடுத்து அழித்தது ஒரு தவறான விடையை மட்டும் அன்று. குழந்தையின் பெயரில் எழுதப்பட்ட அந்த மனுவையும்தான்.

ஒரு தாய் சொன்னது வழக்கின்போது பலரையும் உலுக்கியது. மூன்றாம் வகுப்பில் படித்த தன் மகள் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருப்பது அவருக்குத் தெரியும். பயிற்சித் தேர்விலும் அது தெரிந்தது. ஆனால் மாநிலத் தேர்வில் அவள் மிக நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். குழம்பிப்போன தாய் பள்ளியில் கேட்டார், பின்னர் மாவட்டத் தலைமையிடமே சென்று கேட்டார். தேர்வுகளை நன்றாக எழுதும் இயல்புள்ள பிள்ளை அவள் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பை எட்டியபோது ஐந்தாம் வகுப்பு மாணவர் வாசிக்கும் நிலையில்தான் இருந்தாள். தன் பிள்ளைக்குக் கிடைத்த நல்ல மதிப்பெண்ணை நம்ப மறுத்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய அந்தத் தாய்க்கு, கேட்ட ஒரே உதவி மறுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வும், விடை மாற்றப்பட்ட மாணவர்கள் பின்னாள்களில் வாசிப்பிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியதைக் கண்டது.

இப்பள்ளிகளில் படித்தவர்களில் பெரும்பான்மையினர் வறுமைப்பட்ட பகுதிகளைச் சேர்ந்த கறுப்பினக் குழந்தைகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டில், பள்ளி பொய் சொன்னாலும் பிள்ளைக்கு வேறு வழி உண்டு.

யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது? மாஃபியா சட்டத்தைப் பயன்படுத்தியது சரியா?

குற்றம் சாட்டப்பட்டவர்களில் 21 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தார்கள். எஞ்சியவர்களில் 12 பேர் மீதான விசாரணை மாதக்கணக்கில் நடந்து, 2015 ஏப்ரல் 1 அன்று 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று, ஒருவர் விடுவிக்கப்பட்டார். கும்பல் குற்றங்களை ஒடுக்க உருவான ரிகோ சட்டம் ஆசிரியர்கள்மீது பாய்ந்ததால் நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. மேல்நிலை நிர்வாகிகள் மூவருக்கு நீதிபதி ஜெரி பேக்ஸ்டர் முதலில் 20 ஆண்டுத் தண்டனை விதித்தார். அதில் 7 ஆண்டுகள் சிறை. அந்தத் தண்டனை தன் மனத்துக்கே ஒப்பவில்லை என்று இரு வாரங்களில் அதை 3 ஆண்டுச் சிறையாகக் குறைத்தார். மேல்முறையீடுகள் பல ஆண்டுகள் நீண்டன.

வேலையையும் ஆசிரியர் உரிமத்தையும் இழப்பது இந்தத் தவறுக்கு உரிய தண்டனை என்றே கருதுகிறேன். ஒரு வகுப்பாசிரியரைக் கொள்ளைக் கும்பலுக்கான சட்டத்தில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. எட்ட முடியாத இலக்கை எழுதியவர்கள் எவரும் அந்தக் கூண்டில் ஏறவில்லை.

இது அட்லாண்டாவில் மட்டும் நடந்ததா?

இல்லை. சிகாகோ பள்ளிகளின் விடைத்தாள்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பிரையன் ஜேக்கப், ஸ்டீவன் லெவிட் இருவரும், ஆண்டுதோறும் குறைந்தது 4 முதல் 5 விழுக்காடு தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் ஆசிரியர்களின் முறைகேடு நடந்திருக்கும் என்று 2003இல் கணக்கிட்டார்கள். ஒரே வகுப்பில் பல மாணவர்கள் கடினமான கேள்விகளின் தொடருக்கு அச்சு அசலாக ஒரே விடைகளைத் தந்திருப்பதும், அவர்களின் மதிப்பெண் மறு ஆண்டில் விழுவதும் அவர்கள் தேடிய அடையாளங்கள். சந்தேகத்துக்குரிய வகுப்புகளுக்கு வெளியாள்களைக் கொண்டு மறுதேர்வு நடத்தியபோது மதிப்பெண்கள் கடுமையாகச் சரிந்தன.

டெக்சஸின் எல் பாசோ நகரில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே விடைகளில் எவரும் கைவைக்கவில்லை, மாணவர்களையே அகற்றினார்கள். மதிப்பெண் குறையக் காரணமாகலாம் எனக் கருதப்பட்ட, ஆங்கிலம் சரளமாக வராத மாணவர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு நாளில் பத்தாம் வகுப்பில் இல்லாதபடி கீழே நிறுத்தப்பட்டார்கள், மேலே தாண்டவைக்கப்பட்டார்கள், அல்லது பள்ளியைவிட்டே விலகத் தூண்டப்பட்டார்கள். ‘காணாமல்போனவர்கள்’ என்று ஸ்பானிய மொழியில் அவர்களை ஊரார் அழைத்தார்கள். மாவட்டத் தலைமை நிர்வாகி லொரென்சோ கார்சியா 2012இல் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

அப்படியானால் இத்தகைய தேர்வுகளையே ஒழித்துவிடலாமா?

ஒழிக்கக் கூடாது என்பது என் எண்ணம். வெவ்வேறு பள்ளிகளில் படிக்கும் ஏழைக் குழந்தைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பொது அளவுகோல் ஒன்று இல்லாமல் அறிய முடியாது. அந்தத் தாயின் ஐயத்துக்கு வலுச்சேர்த்ததும் ஒரு பயிற்சித் தேர்வுதான். ஓர் எண்ணைக் கொண்டு மனிதர்களைப் பற்றி முடிவெடுக்க எடுக்க, அந்த எண்ணைக் கெடுக்கும் அழுத்தமும் கூடும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பல் 1976இலேயே எழுதினார். நோயறியும் கருவியாக இருக்க வேண்டிய தேர்வு, ஆசிரியரின் வேலை, தலைமையாசிரியரின் பதவி, நிர்வாகியின் ஊக்கத்தொகை ஆகிய மூன்றையும் தீர்மானிக்கும் கருவியாகவும் ஆனபோதுதான் சிக்கல் பிறந்தது.

நடைமுறையில் சில மாற்றங்கள் வந்துள்ளன. 2015 டிசம்பரில் இயற்றப்பட்ட புதிய கூட்டரசுச் சட்டம், பள்ளிகளை என்ன செய்வது என்ற முடிவைப் பெருமளவு மாநிலங்களிடமே விட்டது. ஜார்ஜியா சிஆர்சிடி தேர்வைக் கைவிட்டு வேறு தேர்வுக்கு மாறியது. கணினியில் எழுதும் தேர்வில் பூட்டிய அறையில் அமர்ந்து அழிப்பதற்குத் தாள் இருக்காது. ஆனால் தேர்வு அறையில் காதோரம் விடை சொல்வதைக் கணினி தடுக்காது, பலவீனமான மாணவரைத் தேர்வு நாளில் வரவிடாமல் செய்வதையும் தடுக்காது. தேர்வை நடத்துபவரும் அதன் முடிவால் ஆதாயமோ இழப்போ அடைபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதே முதல் தேவை. புகார் சொல்லும் ஆசிரியர் தன் தலைமையாசிரியரைத் தாண்டி, மாவட்டத்தையும் தாண்டி, வெளியே ஓர் அலுவலகத்தை அச்சமின்றி அணுக வழி இருக்க வேண்டும். அட்லாண்டாவில் அந்த வழி முன்பே இருந்திருந்தால், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் உடைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டிய தேவை வந்திருக்காது.